லூத்திக்காவின் ஆட்கள்

ஒஸ்லோ நகரின் ரொம்சோஸ் பகுதியில் சிறிதேவியைத் தெரியாத தமிழர் இல்லை. அவளுடைய முழுப் பெயரைச் சொல்லத் தெரிந்த தமிழரும் இல்லை. சிறிதேவி லூத்திக்காய்னன். கோவிலில் அர்ச்சனைக்குப் பெயர் எழுதுகிறவர் முதல் பாதியை எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி அவள் முகத்தைப் பார்ப்பார். "சிறிதேவி எண்டு எழுதினாக் காணும்" என்று அவளே சொல்லிவிடுவாள். சனம் அவளுக்கு வைத்த பெயர் பின்லாந்துச் சிறி. முகத்துக்கு நேரே சொல்வதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

எண்பதுகளின் கடைசியில், இருபது வயதில், யாழ்ப்பாணத்து அளவெட்டியிலிருந்து நோர்வேக்கு வந்தவள். அந்தக் காலத்தில் பலரும் வந்த வழிதான்: விடுதியோடு கூடிய ஒரு நாட்டுப்புறப் பள்ளியில் ஒரு வருட இடம், அதன் பேரில் விசா. பள்ளியில் நோர்வேஜிய மொழியும் கம்பளி பின்னவும் படித்தாள். பிறகு வடக்கே, மரங்கூட முளைக்காத ஒரு கரையோரத்தில், மீன் தொழிற்சாலையில் வேலை. அங்கேதான் ரெய்யோ வந்து சேர்ந்தார். இறங்குதுறையைத் திருத்த வந்த பின்லாந்துத் தச்சர். மத்தியானச் சாப்பாட்டு மேசையில் அவளுக்கு எதிரே வந்து இருப்பார், சாப்பிடுவார், எழும்பிப் போவார். கிழமைக் கணக்காக ஒரு சொல் இல்லை. ஒருநாள் அவளுடைய மிளகாய்த்தூள் போத்தலைக் காட்டிக் கையை நீட்டினார். கொடுத்தாள். அவித்த மீனின் மேல் சீனி தூவுவதுபோலத் தூவினார். கண்ணால் நீர் ஓட ஓட ஒரு துண்டு விடாமல் தின்று முடித்து, "நல்லது" என்றார். மறுநாளும் அதே கூத்து.

"அழுதழுது சாப்பிடுற மனிசனை எத்தினை நாளைக்குத்தான் சும்மா பாத்துக்கொண்டிருக்கிறது?" என்பாள் சிறிதேவி, யாராவது கலியாணக் கதை கேட்டால்.

பாரிசில் இருந்த அண்ணன், "உனக்கு ஒரு தமிழ் ஆம்பிளையும் ஆப்பிடேல்லையோ?" என்று கேட்டுத் தொலைபேசியை வைத்தவர்தான், பிறகு எடுக்கவில்லை. இருவரும் தெற்கே ஒஸ்லோவுக்கு வந்தார்கள். ரெய்யோவுக்குக் கட்டட வேலை கிடைத்தது. அவளுக்கு குரோருட்டில் ஒரு சிறுவர் பள்ளியில் உதவியாளர் வேலை. நோர்வேஜியர் அவளை 'சிறி' என்று கூப்பிட்டார்கள். அது அவர்களுடைய பெண்களின் பெயர்களில் ஒன்று என்பதால் யாருக்கும் நாக்குச் சுளுக்கவில்லை. பிள்ளை வரவில்லை. வரும் வரும் என்று இருந்தார்கள். பிறகு அந்தப் பேச்சு தானாகவே வீட்டை விட்டுப் போனது. மற்றப்படி நல்ல வாழ்க்கை. ரெய்யோ கடைசிவரை அதிகம் கதைக்கவில்லை. ஆனால் அவள் கதைக்கும்போது கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிடுவார். எத்தனை பெண்களுக்கு அது வாய்த்திருக்கிறது?

போன வருடம் இலையுதிர் காலத்தில், நிலவறையில் பனிச்சறுக்குக் கட்டைகளுக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்தவர் அங்கேயே சரிந்தார். வைத்தியர் இதயம் என்றார். தேவாலய உறுப்பினர் பதிவிலிருந்து அவர் முன்னரே விலகியிருந்தபடியால் பாதிரியாரும் இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் நல்ல குரலில் ஏதோ வாசித்தார். தமிழ்ச் சனம் வந்து, பூ வைத்து, கோப்பி குடித்துவிட்டுப் போனது. வெள்ளைக்காரனுக்கு என்ன முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்று யாரோ சொன்னது அவள் காதிலும் விழுந்தது. அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அவளை மாற்றியது ஒரு குழந்தை.

சிறுவர் பள்ளி மூடும் நேரத்தில் எப்போதும் ஒரு பிள்ளை மிஞ்சும். மற்றப் பிள்ளைகளின் கோட்டுக் கொளுவிகள் வெறுமையாகிவிட்ட பிறகு, தன்னுடைய கொளுவிக்குக் கீழே, கோட்டும் தொப்பியும் போட்டு, கால்களைத் தொங்கவிட்டபடி நீள வாங்கில் இருக்கும். லீசா என்ற நாலு வயதுக்காரிதான் வழக்கமாக அப்படி மிஞ்சுகிறவள். ஆவணி முடிகிற ஒரு நாள், மழை. கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள் லீசா. அவளுக்குப் பக்கத்தில் இருந்த சிறிதேவிக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. ரெய்யோ இப்படி இருந்திருப்பார். சிறு வயதிலேயே தாய் இறந்து, தகப்பன் யாரென்று தெரியாமல், பின்லாந்தின் கிழக்கே ஒரு பிள்ளைகள் இல்லத்தில் வளர்ந்தவர் அவர். எல்லாப் பிள்ளைக்கும் ஆள் வந்து கூட்டிக்கொண்டு போக, கோட்டைக் கழற்றாமல் இருந்த பிள்ளை. இப்போதும், போன இடத்திலும், அப்படித்தான் இருக்கிறாரோ?

லீசாவின் தாய் மூச்சு வாங்க ஓடி வந்து கூட்டிக்கொண்டு போனாள். சிறிதேவி வீட்டுக்கு வந்த கையோடு எல்லிங்ஸ்ருட்டில் இருந்த ஐயருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அந்தியேட்டி செய்யேல்லை எண்டுறியள், சபிண்டியும் செய்யேல்லை எண்டுறியள்," என்றார் ஐயர். பின்னால் கார் ஓடுகிற சத்தம். "பிரச்சினையில்லை அம்மா. வருசம் முடியிற ஆட்டைத் திவசத்தோடை எல்லாத்தையும் சேர்த்துச் செய்வம். நீங்களே தருப்பையைத் தொட்டுத் தாங்கோ, நான் செய்யிறன். இஞ்சை இப்ப கன வீடுகளிலை பொம்பிளையள்தான் செய்யினம். பேரைச் சொல்லுங்கோ."

"ரெய்யோ."

"என்ன?"

"ரெய்யோ, ஐயா. ரெ... ய்யோ."

"சரி. அவற்றை தகப்பன்ரை பேர்?"

சிறிதேவி தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"தகப்பன், தகப்பன்ரை தகப்பன், அவற்றை தகப்பன். மூண்டு பேர் வேணும் அம்மா. தனிச்சு நிக்கிற ஆளை அந்த மூண்டு பேரோடைதான் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சபிண்டி எண்டிறதே அதுதான்."

"பேர் தெரியாட்டி?"

"அதுக்கும் வழி இருக்கு. மண்ணிலை இருக்கிறவர், காத்து வெளியிலை இருக்கிறவர், வானத்திலை இருக்கிறவர் எண்டு பொதுவாச் சொல்லிவிடலாம். யோசியாதேங்கோ, நிறையப் பேருக்கு நான் அப்பிடித்தான் செய்யிறனான்."

யோசியாதேங்கோ என்றால் யோசிக்காமல் விடுகிற ஆளா அவள்? சிறுவர் பள்ளியில் ஒரு சட்டம் உண்டு. பிள்ளையைக் கூட்டிப் போக வருகிறவரின் பெயர் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தெரியாத ஆள் எவ்வளவு கண்ணியமாக உடுத்திக்கொண்டு வந்தாலும், பிள்ளையே "இவர் எனக்குத் தெரிஞ்சவர்" என்றாலும், கையில் கொடுக்கக்கூடாது. வானத்தில் இருக்கிறவர் என்றால் யார்? எத்தனையோ பேர் இருக்கிறார்கள் வானத்தில். அவர்களில் எவரோ ஒருவரிடம் ரெய்யோவைக் கொடுத்துவிட்டு வருவதா?

பின்லாந்தில் அவர் பிறந்த ஊரின் பிறப்புப் பதிவை வைத்திருக்கும் தேவாலயத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டாள். மெல்லிய குரல்காரி ஒருத்தி, தகப்பனுடைய இடத்தில் அன்றைக்கே ஒன்றும் பதியப்படவில்லை என்றாள். குடும்பப் பெயர் தாயுடையது. தாய்க்குச் சகோதரர் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. மன்னிக்கவும்.

"மூண்டு பேர்தானேயடி, ஏதாவது மூண்டைச் சொல்லிவிடன்," என்றாள் கமலாதேவி. அதே கட்டடத்தில் கீழ் மாடிக்காரி. வாயும் பெரிது, கையும் தாராளம். "வெள்ளைக்காரப் பேருக்கா பஞ்சம்? என்னோடை வேலை செய்யிறவங்களிலை மட்டும் நாலு பேர் யோன். உந்த லூட்டி... லூட்டிக்கை... உதைச் சொல்லவே எனக்கு வாய் கோணுது. அதிலை போய்த் தகப்பனைத் தேடுறாய்."

கமலாதேவி பகிடிக்குச் சொன்னது அப்படியே நடந்தது.

புரட்டாதி தொடக்கத்தில் சிறுவர் பள்ளி வாசலில் வேலையாட்களின் புதிய படங்களை ஒட்டினார்கள். இந்த முறை முழுப் பெயர்களோடு. அன்றைக்கும் கடைசிப் பிள்ளை லீசாதான். அவளுடைய தாய் எமிலியா வழக்கம்போலச் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து ஓடி வந்தவள், படங்களுக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"லூத்திக்காய்னன்!" என்றாள் உரக்க.

லீசாவுக்கு மாட்டிக்கொண்டிருந்த மழைக்காற்சட்டை சிறிதேவியின் கையில் அப்படியே நின்றது. முதல் அசையில் சுத்தியல் அடிபோல ஓர் அழுத்தம், பிறகு மேட்டிலிருந்து உருண்டு இறங்குவதுபோல மிச்சம். பின்லாந்துக்காரர் தொலைபேசியை எடுத்தால் ஹலோ சொல்லமாட்டார்கள். தங்கள் குடும்பப் பெயரைச் சொல்லுவார்கள். ரெய்யோவும் அப்படித்தான். அவர் போன பிறகு அந்தப் பெயரை வைத்தியசாலையும் வங்கியும் வரி அலுவலகமும் சொல்லியிருக்கின்றன. ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை.

"இன்னொரு தடவை சொல்லு," என்றாள் சிறிதேவி.

எமிலியா சொன்னாள். பிறகு, அவள் முகத்தைப் பார்த்து, கேட்காமலே மூன்றாம் முறையும் சொன்னாள். நோர்வேஜிய மொழியில் இருவரும் ஒருவருக்கொருவர் 'நீ'தான். "உன் கணவர் கிழக்குப் பின்லாந்தில் சாவோ பக்கத்து ஆளா? எனக்கும் அந்தப் பக்கம்தான். சிறி, இது எவ்வளவு அழகான பெயர் என்று உனக்குத் தெரியுமா?"

எமிலியா பல்கலைக்கழகத்தில் பழங்காலத்து மனிதப் பெயர்களை ஆராய்கிறவள் என்பது அன்றைக்குத்தான் சிறிதேவிக்குத் தெரிந்தது. லீசா ஒரு சப்பாத்தைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். அவசரம் இல்லாத ஒரே பின்னேரம் அது.

"கடைசியில் வருகிற 'ய்னன்' வெறும் வால்," என்றாள் எமிலியா. "இன்னாருடைய ஆட்கள் என்று அர்த்தம். வாலை வெட்டினால் உள்ளே ஒரு மனிதன் இருக்கிறான். லூத்திக்கா. அது ஓர் ஆணின் பெயர். இப்போது அந்தப் பெயரில் ஒருவரும் இல்லை."

"லூத்திக்கா," என்றாள் சிறிதேவி மெதுவாக.

"பின்லாந்துப் பெயர் மாதிரித் தெரியும். ஆனால் இல்லை. ஜெர்மனியின் வடகரையிலிருந்து கப்பலில் வந்த பெயர். அந்தப் பக்கத்தில் லூடெக்கெ. எங்கள் ஆட்களுக்கு அதைச் சொல்ல வரவில்லை, லூத்திக்கா ஆகிவிட்டது. லூடெக்கெக்கும் பின்னால் போனால் லியுடோல்ஃப். ஆயிரம் வருடத்துக்கு முந்தியது. 'லியுட்' என்றால் மக்கள், சனங்கள். 'ஓல்ஃப்' என்றால் ஓநாய்."

"லூத்திக்காவுக்குப் பின்னால் லூடெக்கெ," என்றாள் சிறிதேவி. "லூடெக்கெக்குப் பின்னால் லியுடோல்ஃப்."

"சரியாகச் சொல்கிறாய்," என்றாள் எமிலியா.

சிறிதேவி அதை எப்படி விளங்கிக்கொண்டாள் என்பது யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லாமலே விளங்கும். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. ஒருவருடைய பெயருக்குப் பக்கத்தில் நிற்பது தகப்பனுடைய பெயர். தகப்பனுடைய பெயருக்குப் பக்கத்தில் நிற்பது அப்பப்பாவின் பெயர். அவள் வந்து இறங்கியபோது சிறிதேவி சிவகுரு. சிவகுருவுக்குப் பின்னால் கந்தப்பு. கந்தப்புவுக்குப் பின்னால் வைத்திலிங்கம். ஒரு பெயருக்குப் பின்னால் இன்னொரு பெயர் நின்றால் அது வேறு யாராக இருக்க முடியும்?

தகப்பன் லூத்திக்கா. அப்பப்பா லூடெக்கெ. அவருடைய தகப்பன், பூட்டனார், லியுடோல்ஃப். ஐயர் கேட்ட மூன்று பேர். ஆயிரம் வருடம் என்று எமிலியா சொன்னது அவள் காதில் ஏறவேயில்லை. ஏறினாலும், பழைய குடும்பம் என்றுதான் நினைத்திருப்பாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவள் நடக்கும் நடையே வேறு. ஐயருக்கு எடுத்து மூன்று பெயர்களையும் சொன்னாள். அவர் வீதி ஓரம் காரை நிறுத்திவிட்டு, சொல்லிப் பார்த்துப் பாடமாக்கினார். கமலாதேவியிடம் சொன்னாள். தமிழ்க் கடைக்காரனிடமும் சொன்னாள். சட்டி பானை கழுவும்போது மூன்று பேரும் சமையலறைக்குள் வந்தார்கள். லூத்திக்காவுக்கு அவள் ரெய்யோவின் கைகளைக் கொடுத்தாள், பெருவிரல் நகம் பிளந்த தச்சன் கை. லூடெக்கெ கப்பலில் வந்தவர். காற்றில் சிவந்த காதுகள் அவருக்கு. லியுடோல்ஃபைத்தான் அவளால் சரியாகப் பார்க்க முடியவில்லை. காட்டோரத்தில் முதுகு காட்டி நின்றார். பக்கத்தில் ஒரு நாய். ஓநாயாகவும் இருக்கலாம். வாசலில் மூன்று பேரும் பெயர் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள். தான் உள்ளே போய், "ரெய்யோ, எழும்பும், உம்மடை ஆக்கள் வந்திட்டினம்" என்று சொல்வதாக நினைத்தாள். நினைத்து, கழுவின சட்டியையே மறுபடி கழுவினாள்.

திவசம் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை பின்னேரம் லீசாவைக் கூட்டிப் போக வந்த எமிலியாவை மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னாள். எமிலியாவுக்கு மகிழ்ச்சி. லீசாவின் சப்பாத்தை எடுத்துக் குனிந்தாள்.

"ஒன்று கேட்க மறந்துவிட்டேன்," என்றாள் சிறிதேவி. "லூடெக்கெ கப்பலில் வந்தார் என்றாயே, அவருடைய அப்பாவும் கூட வந்தாரா? லியுடோல்ஃப்? இல்லை, அவர் அங்கேயே இருந்துவிட்டாரா?"

எமிலியா சப்பாத்தோடு நிமிர்ந்தாள். அவள் முகத்தில் முதலில் குழப்பம் வந்தது. பிறகு அது விலகி, வேறொன்று வந்தது. அந்த வேறொன்றைப் பார்த்ததுமே சிறிதேவிக்குப் பாதி விளங்கிவிட்டது.

"சிறி... அது மூன்று பேர் இல்லை."

"மூன்று பெயர் சொன்னாயே."

"ஒரே பெயர். அதன் மூன்று வடிவங்கள். ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறியது. லூடெக்கெ என்பது செல்லப் பெயர், லீசாவை நான் லீசு என்று கூப்பிடுவது மாதிரி. முழுப் பெயர் லியுடோல்ஃபாக இருந்திருக்கும் என்று ஊகிக்கிறோம். 'லியுட்' நிச்சயம். ஓநாய் நிச்சயமில்லை. அதே தொடக்கத்தோடு வேறு பெயர்களும் இருந்தன. நான்தான் சரியாகச் சொல்லவில்லை."

"நீ சரியாகத்தான் சொன்னாய்," என்றாள் சிறிதேவி. வாங்கில் இருந்தாள். "அப்படியென்றால் ரெய்யோவின் அப்பா யார்?"

"அது எனக்குத் தெரியாது."

லீசா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எமிலியாவும் வாங்கில் வந்து இருந்தாள். என்ன விடயம், ஏன் பெயர்கள் தேவை என்று கேட்டாள். சிறிதேவி சொன்னாள். இலகுவில் சொல்லக்கூடியது இல்லை. சபிண்டிக்கு நோர்வேஜிய மொழியில் எங்கே போவது? "போனவரைக் கூட்டிப் போக ஆள் வர வேண்டும்" என்றாள் கடைசியில். வருத்தப்படுகிற நேரத்திலும் கவனமாகப் பேசுகிறவள் எமிலியா. லீசாவின் சப்பாத்தைக் கீழே வைத்தாள்.

"நிச்சயமாக ஒன்றுதான் சொல்லலாம்," என்றாள். "கிழக்குப் பின்லாந்தில் எங்கேயோ, எப்போதோ, லூத்திக்கா என்று ஒரு மனிதன் இருந்தான். அவனுடைய பிள்ளைகளை ஊரார் லூத்திக்காவின் ஆட்கள் என்று சொன்னார்கள். ரெய்யோவின் அம்மா வரைக்கும் அந்தப் பெயர் வந்திருக்கிறது. அந்த மனிதன் இருந்தான். அதை நான் எங்கேயும் நின்று சொல்வேன்."

வீட்டுக்கு வந்தபோது கமலாதேவி அவளுடைய சமையலறையில் வாழைக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். கதையைக் கேட்டுக் கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"சரி, அதுக்கென்ன? ஐயருக்கு என்ன தெரியப்போகுது? மனிசன் பாடமாக்கி வைச்சிருக்கு. சொன்ன மூண்டையும் சொல்லட்டும், முடியட்டும்."

"ஐயருக்குத் தெரியாது. ரெய்யோவுக்குத் தெரியும்."

"செத்தவருக்கு..." என்று தொடங்கிய கமலாதேவி நிறுத்தினாள். அவளுக்கும் ஒரு எல்லை உண்டு.

வடக்கில் இருந்த காலத்தில் ஒரு முறை, நீண்ட கார்ப் பயணத்தில், கேளாமலே ரெய்யோ சொன்ன ஒன்றை அவளிடம் சொன்னாள் சிறிதேவி. பிள்ளைகள் இல்லத்தில் இருந்தபோது தனக்கு ஒரு தகப்பனைக் கட்டி வைத்திருந்தாராம் அவர். முதலில் விமானி. பிறகு கப்பல் மாலுமி. மற்றப் பிள்ளைகளுக்குக் கதை கதையாகச் சொல்லி, கடைசியில் தானே நம்பி, ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு வாசலில் போய் நின்றாராம். இருட்டும் வரைக்கும். உள்ளே வந்த பிறகு அந்தக் கதையை விட்டுவிட்டாராம். கதைப்பதையும் கொஞ்சம் விட்டுவிட்டாராம்.

"இல்லாத ஆக்களுக்காக அவர் நிண்டது காணுமடி," என்றாள் சிறிதேவி. "இன்னும் ரெண்டு பேரை நான் கட்டிக் குடுக்க மாட்டன்."

கமலாதேவி வாழைக்காயைத் தண்ணீரில் போட்டாள். "விசரி," என்றாள். ஆனால் குரலில் விசர் என்று சொல்கிற சூடு இல்லை. "அப்ப நாளைக்கு என்ன செய்யப்போறாய்?"

"தெரியாது."

சனிக்கிழமை காலை ஐயர் வந்ததும் வராததுமாக அண்ணாந்து பார்த்தார். "புகை அலாரம் எங்கை? அதுக்கு ஒரு பையைக் கட்டுங்கோ. போன மாசம் ஒரு வீட்டிலை நான் சங்கற்பம் சொல்ல, தீயணைப்புக்காரர் வந்து நிக்கினம்." கமலாதேவி கதிரையில் ஏறிக் கட்டினாள். ஐயர் பாயில் அமர்ந்து, அவித்த அரிசிமாவில் எள்ளுச் சேர்த்துப் பிசைந்து, இலையின் ஒரு பக்கத்தில் மூன்று உருண்டைகளை வைத்தார். மறுபக்கத்தில் நீளமாக ஒன்று. "இது இவர்," என்றார். "அது மூண்டும் அவையள்." பிறகு பெருமையோடு தொண்டையைச் செருமினார். "லூத்திக்கா, லூடெக்கெ, லியுடோல்பு. பாத்தியளே? காரிலை சொல்லிச் சொல்லியே வந்தனான்."

"ஐயா, அது மூண்டும் ஒராள்."

"என்ன?"

"நான்தான் பிழையா விளங்கிப்போட்டன். ஒராளின்ரை பேர்தான். மூண்டு விதமாச் சொல்லுறவையாம்."

ஐயர் சற்று யோசித்தார். "சுவாமிக்கு ஆயிரத்தெட்டுப் பேர் இருக்கு. ஒரு மனிசனுக்கு மூண்டு இருந்தா என்ன? மூண்டையும் மூண்டு உருண்டைக்குச் சொல்லிவிடுவம். குற்றமில்லை."

"ஒராளை எப்பிடி மூண்டு இடத்திலை இருத்திறது? பிறகு இவர் ஆரிட்டைப் போறது?"

கமலாதேவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். ஐயர் அவளைப் பார்த்தார், உதவிக்கு. அவள் மேலே, பை கட்டிய அலாரத்தைப் பார்த்தாள்.

"அப்ப லூத்திக்காவைத் தகப்பனா வைப்பம். மற்ற ரெண்டுக்கும் பொதுப் பேர் சொல்லுறன்."

"வேண்டாம் ஐயா. லூத்திக்கா தகப்பனும் இல்லை. எத்தினை தலைமுறைக்கு முந்தின ஆளோ தெரியாது. தாய் வழி ஆள் வேறை. ஆனா அவர் இருந்தவர். அது உண்மை. இவரின்ரை பேருக்குள்ளையே இருந்தவர். தெரிஞ்சது அவர் ஒராள்தான். தெரிஞ்ச ஆளிட்டைக் குடுத்தாக் காணும்."

"விதியிலை மூண்டு, அம்மா."

"ஓம். எனக்கும் விளங்குது." அவள் குரல் தாழ்ந்தது, உறுதி தாழவில்லை. "மூண்டு இல்லாட்டிச் செய்யேலாது எண்டா, செய்யாமல் விடுவம். பொய்யான ஆக்களோடை அவரை விட்டிட்டு வர எனக்கு ஏலாது."

மேல் மாடியில் யாரோ கதிரையை இழுத்தார்கள். ஐயர் கையில் இருந்த தருப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஐம்பது வயது மனிதர்; எல்லிங்ஸ்ருட்டுக்கு வருவதற்கு முன்னர் வன்னியில் எத்தனையோ பேருக்கு, பெயர் தெரிந்தும் தெரியாமலும், உடல் இருந்தும் இல்லாமலும், எள்ளும் தண்ணீரும் இறைத்தவர். எதை நினைத்தாரோ. குனிந்து, மூன்று உருண்டைகளில் இரண்டை எடுத்து, இலைக்கு வெளியே, காகத்துக்கு வைக்கும் சாதத்தோடு வைத்தார்.

"என்ரை அப்பா இருந்திருந்தா இண்டைக்கு என்னை வீட்டுக்குள்ளை விட்டிருக்க மாட்டார்," என்றார். "சரி. ஒராள்."

நீண்ட உருண்டையை முன்னால் இழுத்து, தருப்பையை அதன் மேல் குறுக்கே வைத்தார். வெட்டுவதற்கு.

"ஏன் ஐயா வெட்டுறியள்?"

"இவரை மூண்டாப் பிரிச்சு, மூண்டு பேரோடையும்..." ஐயர் நிறுத்தினார். தருப்பை கையில் அப்படியே நின்றது. பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு. "மெய்தான். இனி எதுக்கு வெட்டுறது?"

முழு உருண்டையாகவே எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அது எதிர்பார்த்ததை விடப் பாரமாக இருந்தது, இன்னும் சூடாகவும். லூத்திக்காவின் உருண்டை இலையில் தனியே இருந்தது. அதன் மேல் இதை வைத்து அமத்துங்கோ, நல்லாச் சேர வேணும், என்றார் ஐயர். சிறிதேவி அமத்தினாள். விரல் இடுக்குகளில் எள்ளு ஒட்டியது. எங்கே ஒன்று முடிகிறது, எங்கே மற்றது தொடங்குகிறது என்று இருந்த கோடு மெல்ல மெல்ல மறைந்தது. மறைந்த பிறகும் அமத்திக்கொண்டேயிருந்தாள். கையை எடுத்தால் ரெய்யோ போய்விடுவார் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை நாளாகக் கூட்டிப் போக ஆள் தேடினாள். ஆள் வந்தால் கூட்டிப் போய்விடும் என்பதை நினைக்கவில்லை.

"அவர் தானாக் கதைக்கமாட்டார்," என்றாள் உருண்டையைப் பார்த்து. லூத்திக்காவிடம் சொல்கிறாள் என்பது கமலாதேவிக்கும் ஐயருக்கும் விளங்கியது. "நீங்கள்தான் முதல் கதைக்க வேணும். கொஞ்சம் பொறுமையாக் கதையுங்கோ."

மந்திரத்தைத் தொடங்க வாயைத் திறந்த ஐயர், அவள் இன்னும் கையை எடுக்கவில்லை என்று கண்டு, காத்திருந்தார்.